மலர்வனம் புக்க இரயில்

மணிமேகலைக் காப்பியத்தின் மூன்றாம் காதைக்கு ‘மலர்வனம் புக்க காதை’ என்று பெயர். பூக்கள் நிறைந்த ஓரிடத்துக்கு ஒரு பகற்பொழுதில் போன பயணம் எதையேனும் நம் காப்பியங்களில் தேடப் புகுந்தால், முதலில் கைக்குக் கிடைப்பது இதுதான். மணிமேகலையும் சுதமதியும் புகார் நகரத் தெருக்களைக் கடந்து உவவனத்துக்குப் போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்பது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு மணிமேகலை அழுகிறாள். அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் கண்ணீர் விழுந்து அதன் தூய்மை கெடுகிறது. புதுப்பூக் கொய்து வருமாறு சொல்கிறாள் மாதவி. ஆக, அது பூப்பறிக்கப் போன பயணம். பூவைக் கண்ணாரக் கண்டுவிட்டுத் திரும்புவதற்காக அவர்கள் புறப்படவில்லை.

இதை ஒரு தனி நிகழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். அத்தனையும் பறிக்கப்பட்ட பூக்கள். பாறைமேல் குவிக்கப்பட்டுத் தழையாகவும் கண்ணியாகவும் ஆனவை. புறத்திணைகளில் வெட்சியும் கரந்தையும் வஞ்சியும் காஞ்சியும் வீரன் தலையில் ஏறிய பிறகுதான் பொருள் பெறுகின்றன. பூக்கொய்தல், பூத்தொடுத்தல், பூச்சூடல், பூச்சொரிதல் என்று நம் மொழியில் பூவோடு சேர்ந்த வினைகள் ஏராளம். எல்லாமே கையின் வினைகள். சப்பானியரிடம் ‘ஹனாமி’ என்றொரு சொல் இருக்கிறது. ‘பூப்பார்த்தல்’ என்பதே அதன் நேர்ப்பொருள். செர்ரி மரங்கள் பூக்கும் நாள்களில் குடும்பத்தோடு அதன் நிழலில் போய் அமர்வார்கள். அப்படியொரு சொல் நமக்கு வாய்க்கவில்லை. வாய்க்காததைக் குறையென்று நாம் கருதவில்லை. ஆனால் ஏன் வாய்க்கவில்லை என்று கேட்டுக்கொள்வதில் பயன் உண்டு.

இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது ஒரு கோடை விடுமுறையில். புதுவைக் கதிர்காமத்தில் குடியிருக்கும் நாம் நால்வர், ஆசிரியத் தொழிலில் இருப்போர், இரயிலில் ஏறிப் பூந்தோட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்பிவிட வேண்டும் என்று திட்டமிட்டோம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். அதற்குமுன், இப்படி இரயிலேறிப் பூப்பார்க்கப் போகும் ஆசை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பார்க்கலாம்.

பகல்நேரச் சுற்றுலா என்பதே இரயில் பெற்ற பிள்ளை. 1841ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனி வண்டியில் அழைத்துச் சென்றார் தாமஸ் குக். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு! (பின்னாளைய உல்லாசப் பயணங்களை நினைத்தால் இந்தத் தொடக்கம் சிரிப்பை வரவழைக்கிறது.) அதற்கு அடுத்த ஆண்டு, 1842இல், ஒல்லாந்து நாட்டில் ஹார்லெமுக்கும் லெய்டனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது துலிப் வயல்களின் ஊடாகவே செல்லும் பாதை. வண்டியில் அமர்ந்தபடியே சிவப்பும் மஞ்சளுமாக வயல்கள் விரிவதைக் காண முடிந்தது. இன்றும் இளவேனிலில் உலகெங்குமிருந்து கூட்டம் வருகிறது. 1950இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கூகென்ஹாஃப் தோட்டம் அந்தக் கூட்டத்தை நம்பியே நடக்கிறது.

அந்தத் துலிப் வயல்களைப் பற்றிய ஒரு செய்தி நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது. அங்கே உழவர் விற்பது பூவை அன்று, கிழங்கை. பூ விரிந்து, அதில் நோயில்லை, நிறம் சரி என்று பார்த்தானதும் பூத்தலைகளையெல்லாம் வெட்டி வீழ்த்திவிடுகிறார்கள். செடியின் வலுவெல்லாம் கிழங்குக்குப் போகவேண்டும் என்பது கணக்கு. அதாவது, உலகம் திரண்டு வந்து பார்க்கும் அந்த நிறவெள்ளம் உழவருக்குக் கழிவு. கழிவாக இருப்பதனால்தான் அது வயலில் சில நாள்களேனும் நிற்கிறது.

இதை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் திரும்பலாம்.

புதுச்சேரிக்கு இரயில் வந்தது 1879இல். விழுப்புரத்திலிருந்து மீட்டர் பாதை. அதில் பிரெஞ்சு எல்லைக்குள் ஓடியது ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். அந்தத் துண்டு புதுச்சேரி இரயில்வே நிறுவனத்தின் உடைமை. ஆனால் வண்டிகளை ஓட்டியது ஆங்கிலேயரின் தென்னிந்திய இரயில்வே. வில்லியனூர், சின்னபாபு சமுத்திரம், வளவனூர் என்று நின்று நின்று போகும் இந்தப் பாதையில் 1908இல் பாரதி வந்திறங்கினார் என்பதை இலக்கிய வாசகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாரதிக்காகவோ பூவுக்காகவோ போடப்பட்ட பாதை அன்று அது. துறைமுகத்துக்குச் சரக்கு வரவேண்டும். அந்தச் சரக்குகளில் முதன்மையானது தென்னார்க்காட்டு நிலக்கடலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சவுக்கார ஆலைகளுக்கும் அது கப்பலேறியது.

நிலக்கடலைக்கும் பூ உண்டு. சிறிய, தூய மஞ்சள் பூ. இலைகளுக்கு நடுவே காலையில் விரிந்து, கருவுற்றதும் வாடிவிடும். பிறகு அதன் அடியிலிருந்து ஒரு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும். விழுப்புரம் பாதையின் இருபுறமும் எத்தனையோ பருவங்கள் அந்த மஞ்சள் பூத்திருக்கும். சன்னலோரம் அமர்ந்து போனவர் எவரும் அதைப் பார்க்கவென்று சீட்டெடுத்ததாக நாம் படித்ததில்லை. தரையோடு தரையாகப் பூக்கும் பூ. இரயிலின் உயரத்துக்கும் விரைவுக்கும் அது ஏற்றதன்று.

நிலக்கடலைக்கு முந்தைய புதுச்சேரியின் செல்வம் நீலம். இங்கே சாயமேற்றிய ‘கினி’ எனும் நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அத்துறையில் அறிவு தேடியவர்களுள் ஒருவர் பெரொத்தே. 1826இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரித் தாவரவியல் பூங்காவோடு பெயர் பிணைந்த தாவரவியலார் அவர். செனகலில் பணிபுரிந்துவிட்டு இங்கு வந்தவர். நீலகிரியில் செடிகளைத் திரட்டியவர். அவுரிச் செடியையும் சாயம் எடுக்கும் முறையையும் பற்றி 1842இல் ஒரு நூலே எழுதியவர். 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். அவுரியின் சாயம் இலையில் இருக்கிறது. பூக்கத் தொடங்கும் தறுவாயில்தான் இலையில் சாயம் மிகுதி. எனவே பூ தலைகாட்டும் போதே செடியை அறுத்துவிடுவார்கள். அவுரி வயல் ஒன்று நன்றாகப் பூத்துக் குலுங்கினால் அறுவடை தவறிவிட்டது என்று பொருள். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் அவுரி பயிரிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பாடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெரொத்தேயின் பூங்காவும் கண்ணுக்காக மட்டும் எழுந்ததன்று. எந்தச் செடி இந்த மண்ணில் பிழைக்கும், எது குடியேற்றங்களுக்குப் பொருள் ஈட்டித் தரும் என்று சோதிக்கும் இடம் அது. உதகைப் பூங்காவின் கதையும் வேறில்லை. மலையிலிருந்த ஐரோப்பியருக்குக் கட்டுப்படியாகும் விலையில் காய்கறி விளைவிக்கத் தொடங்கிய முயற்சியே, 1848இல் மெக்ஐவர் பொறுப்பேற்றபின் தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை இரயில் 1899இல் ஓடியது. 1908இல் உதகையை எட்டியது. கோடையில் இரயிலேறிப் பூப்பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வேர்விட்டது இங்கேதான் எனலாம். ஆனால் அது தொட்டிப் பூ. மே மாதக் கண்காட்சிக்கென்று நாள் குறித்துப் பூக்கவைத்து வரிசைப்படுத்திய பூ. வயல் வேறு.

(பூங்கா என்றதும் ஓர் இடைச்செருகல். 2007இல் புதுச்சேரி அரசு தன் மாநில மலராக அறிவித்தது நாகலிங்கப்பூவை. சிவலிங்கத்தின்மேல் நாகம் குடை பிடிப்பதாக நாம் காணும் அந்தப் பூ தென்னமெரிக்க மரத்தினுடையது. 1775இல் பிரெஞ்சுக் கயானாவின் செடிகொடிகளைப் பற்றிய தம் நூலில் அதற்கு அறிவியல் பெயரிட்டவர் ஒப்லே எனும் பிரெஞ்சுக்காரர். ஒரு பழைய பிரெஞ்சுக் குடியேற்றத்தின் மரம் இன்னொரு பழைய பிரெஞ்சுக் குடியேற்றத்தின் மலராயிற்று. அதற்குள் அது முழுச் சைவமாகவும் ஆகிவிட்டது. நம்மூர்ப் பூக்கடையில் பாதிக்கு மேற்பட்டவை இப்படிக் கடல் கடந்து வந்தவையே. செண்டுமல்லியும் நிலச்சம்பங்கியும் மெக்சிக்கோவிலிருந்து வந்தவை. கனகாம்பரம் மட்டும் நம் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் சொந்தம்.)

இனி எங்கள் பயணம். சித்திரை மாதம் மல்லிகைக்கு உச்சப் பருவம். திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பக்கம் போனால் ஊர் முழுக்க மல்லிகை என்று கேட்டிருந்தோம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் வட்டாரங்களில் அதுவும் ஒன்று. கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினால் பக்கம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வந்து, இரவு வண்டி பிடித்து, இருள் பிரியுமுன் இறங்கினோம். வெள்ளைவெளேரென்று வயல் விரிந்து கிடக்கும் என்பதே எங்கள் எல்லோருடைய எண்ணமும். எம்முள் ஒருவர் முல்லைத்திணைப் பாடல்களை நினைவுபடுத்திக்கொண்டே வந்தார். விடியலில் கண்டது இடுப்பளவு பச்சைப் புதர்கள். புதர்களுக்கு நடுவே குனிந்த முதுகுகள். நெற்றியில் கட்டிய சிறு விளக்குகள். பூ என்று எதுவும் கண்ணில் படவில்லை. மணம்கூட மிக மெல்லியதாகவே இருந்தது. பெண்கள் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தவை அரிசியைப் பெரிதாக்கியது போன்ற மொட்டுகள்.

அவர்களுள் மூத்த ஓர் அம்மாவிடம், எப்போது பூக்கும் என்று கேட்டோம். கை நிற்காமலே அவர் சொன்னார்: “இங்க எங்க சார் பூக்கும்? சாயந்தரம் வச்சிருக்கவங்க தலையிலதான் பூக்கும். பூக்கறதப் பாக்கணும்னா நீங்க உங்க ஊர்லயே இருந்திருக்கலாமே.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், வேறு என்ன செய்ய!

அவர் சொன்னதில் ஒரு தொழிலின் முழுக்கணக்கும் இருக்கிறது. மல்லிகை மாலையில் அலரும் பூ. வெயில் ஏறுமுன் மொட்டாகப் பறித்தால்தான் சந்தைக்குப் போய், ஏலம் முடிந்து, பேருந்திலும் வேனிலும் ஏறி, வெளியூர்க் கடைகளில் தொடுக்கப்பட்டு, அந்தி சாயும் வேளைக்குச் சூடியவர் தலையில் விரியும். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிள்ளப்படுவது. இன்று பறிக்க வேண்டியதை நாளைக்கு ஒத்திப்போட வழியில்லை. கதிர்காமத்துத் தெருவில் காலையில் முழம்போட்டு விற்பவரிடம் நாம் வாங்குவது கட்டிய மொட்டுகளைத்தான். இரவு விளக்கேற்றும் நேரத்தில் அது வீடு முழுக்க மணக்கும். தோட்டத்தில் ஒரு பூவையும் பார்க்க முடியாமல் போன அந்தப் பயணத்துக்குப் பிறகுதான், நாள்தோறும் அது நம் வீட்டில் பூத்துக்கொண்டிருந்தது நம் கவனத்துக்கு வந்தது.

ஆக, பூவே விளைபொருளாக இருக்கும் வயலில் பூ நிற்பதில்லை. செண்டுமல்லி, சாமந்தி, கனகாம்பரம் ஆகியவை விரிந்தபின் பறிக்கப்படுபவை என்பது மெய்தான். அவ்வயல்கள் ஓரிரு நாள் நிறம் காட்டும். ஆனாலும் பறிகூலிக்கு ஆள் வந்த மறுநாள் அங்கே பச்சைதான் மிஞ்சும். மல்லிகைக்கும் பிச்சிக்கும் அந்த ஓரிரு நாளும் இல்லை.

மல்லிகைத் தோட்டம் வெள்ளையாக நிற்கும் நாள்களும் உண்டு. அவை எவரும் விரும்பாத நாள்கள். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் மல்லிகை, வரத்து மிகுந்து திருமணம் இல்லாத வாரத்தில் பறிகூலிக்கும் காணாத விலைக்கு இறங்கிவிடும். அருகில் நறுமணச் சாறு எடுக்கும் ஆலை இருந்தால் அங்கே குறைந்த விலைக்காவது தள்ளலாம். அவர்களுக்கு அலர்ந்த பூ ஆகும். சத்தியமங்கலம், கோவைப் பக்கங்களில் அப்படிப் பிழிந்தெடுக்கும் மல்லிகைச் சாறு பிரான்சின் நறுமணத் தலைநகரான கிராஸ் வரை செல்கிறது. ஆலையும் இல்லாதபோது உழவர் பறிப்பதை நிறுத்திவிடுவார். அன்று மாலை தோட்டம் பூக்கும்.

2020ஆம் ஆண்டுக் கோடையில் அது மாவட்டம் மாவட்டமாக நடந்தது. மார்ச்சு 25இல் ஊரடங்கு தொடங்கியது. கோயில்கள் மூடப்பட்டன, திருமணங்கள் வீட்டுக்குள் சுருங்கின, பூச்சந்தைகள் அடைக்கப்பட்டன. மல்லிகை மட்டும் தன் பருவம் தவறவில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் செடிகள் வழக்கம்போல் மொட்டுவிட்டன; வாங்க ஆளில்லை; பறித்தால் கூலி நட்டம், பறிக்காவிட்டால் செடிக்குக் கேடு. பறித்து வரப்பில் கொட்டியவர்கள் உண்டு; அப்படியே விட்டவர்கள் உண்டு. நம் நாட்டில் மல்லிகை வயல்கள் அந்த அளவுக்குப் பூத்து நின்ற வேறொரு கோடையை நாம் அறியோம். அதைப் போய்ப் பார்க்க இரயிலும் இல்லை. பயணிகள் வண்டிகள் எல்லாம் மார்ச்சு 22 நள்ளிரவோடு நாடு முழுக்க நின்றுவிட்டன. தமிழ்நாட்டுக்குள் சில சிறப்பு வண்டிகள் ஓடத் தொடங்கியது சூன் 1இல்தான்.

உவவனத்துப் பீடிகையைப் பற்றிச் சாத்தனார் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. அதில் இட்ட அரும்புகள் மலரும், மலர்ந்தவை ஆண்டுகள் கழிந்தாலும் வாடா, வண்டுகளும் மொய்ப்பதில்லை. வாடாத பூவைக் கற்பனை செய்தவர் பூ வாடுவதை அருகிருந்து பார்த்தவராகவே இருக்கவேண்டும். காப்பியத்தை வகுப்பில் நடத்தும்போது இதை அற்புதச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நிலக்கோட்டைக்குப் போய்வந்த பின் அப்படிக் கடக்க மனம் வரவில்லை. கையிலுள்ள சரக்கு மாலைக்குள் செத்துவிடும் என்ற அச்சத்தோடு வாழும் ஒரு தொழிலின் கனவாகவும் அதைப் படிக்க இடமிருக்கிறது.

விளைபொருளாகவும் இருந்து, பார்க்கப்படுவதாலும் பிழைத்த வயல் உலகில் உண்டா? உண்டு. சப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் ஃபுரானோ என்னும் பகுதி. அங்கே நறுமண எண்ணெய்க்காக லாவெண்டர் பயிரிட்டு வந்தார்கள். 1970களில் செயற்கை நறுமணப் பொருள்களும் இறக்குமதியும் வந்து எண்ணெயின் விலையை வீழ்த்தவே, ஒவ்வொருவராக வயலை உழுது வேறு பயிருக்கு மாறினார்கள். தொமிதா பண்ணை மட்டும் மனம் வராமல் வைத்திருந்தது. 1976ஆம் ஆண்டுக்கான சப்பானியத் தேசிய இரயில்வேயின் நாட்காட்டியில் அந்த வயலின் ஒளிப்படம் வெளியாயிற்று. நிலையங்களில் அதைப் பார்த்தவர்கள் இரயிலேறித் தேடி வரத் தொடங்கினார்கள். 1999இல் அந்த வயலுக்கருகே கோடையில் மட்டும் இயங்கும் ஒரு தற்காலிக நிலையமே திறக்கப்பட்டது. அதன் பெயர் ‘லாவெண்டர் வயல்’. ஒரு நாட்காட்டித் தாள் ஒரு பயிரைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. அங்கே உழவருக்குப் பார்வையாளரிடமிருந்து வருமானம் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வெறும் புகழால் வயல் பிழைக்காது.

நம்மிடையே இதற்கு மிக அருகில் வருவது தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் நாயகி இவ்வூர்ப் பெண்ணாகக் காட்டப்பட்டதால் பெயர் பரவிய ஊர். ஆடி மாதம், குற்றாலச் சாரல் விழும் பருவத்தில், ஊரைச் சுற்றிச் சூரியகாந்தி பூக்கிறது. மேற்கே மலைத்தொடர், மேலே மேகம், கீழே மஞ்சள். தமிழ்நாட்டிலிருந்து போவோரைவிடக் கேரளத்திலிருந்து வருவோரே மிகுதி என்கிறார்கள். அதற்கும் இரயிலோடு ஓர் உறவுண்டு. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து போட்ட மீட்டர் பாதை 1904இல் திறக்கப்பட்டது. புனலூர் – செங்கோட்டைப் பகுதி அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்பட்டு, 2018இல்தான் முழுமையாகத் திறந்தது. காலையில் கொல்லத்துப் பக்கம் ஏறினால் கணவாய்களையும் குகைகளையும் கடந்து தென்காசியில் இறங்கி, பூப்பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிகிறது.

சூரியகாந்தியும் வந்தேறியே. வட அமெரிக்காவில் பிறந்து, உருசியாவில் எண்ணெய்ப் பயிராகி, 1969இல் சோவியத் நாட்டிலிருந்து வந்த விதைகளோடு இந்திய வயலுக்குள் நுழைந்தது. தென்னார்க்காட்டு நிலக்கடலையைப் போலவே எண்ணெய் வித்து. ஆனால் நிலக்கடலைக்கு வாய்க்காத உயரம் இதற்கு வாய்த்திருக்கிறது. விதையே விளைபொருள் ஆதலால் பூ செடியில் நின்றாக வேண்டும்; பறிக்க வழியில்லை. எனவே கண்ணுக்குக் கிடைக்கிறது. ஒல்லாந்தில் கிழங்குக்காகவும் இங்கே விதைக்காகவும் நிற்கும் பூவைத்தான் பயணிகள் பார்க்கிறார்கள்.

குறிஞ்சியை மறந்துவிட்டீர்களே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாற்றுப் பக்கம் 2006இலும் 2018இலும் பூத்தது. அது யாருடைய பயிரும் அன்று. அதை விதைத்தவருமில்லை, அறுப்பவருமில்லை. அதனால் அதைப் பார்க்கப் போவதில் நாம் இங்கே பேசும் சிக்கல் எழாது. வேறு சிக்கல்கள் எழும். அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை.

சுந்தரபாண்டியபுரத்துச் சிக்கல் எளிமையானது. வயல் ஒருவருடையது, கண் இன்னொருவருடையது. ஒளிப்படம் எடுக்க வரிசைக்குள் இறங்குகிறார்கள், தண்டு முறிகிறது, ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு போனால் போவது நூற்றுக்கணக்கான விதைகள். உழவர்கள் சிலர் கயிறு கட்டுகிறார்கள். சிலர் தலைக்குப் பத்தோ இருபதோ வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கட்டணம் கேட்பதைக் கண்டு முகம் சுளிப்போரும் உண்டு. கடவுள் படைத்த பூவைப் பார்க்கக் காசா என்பது அவர்கள் வாதம். அது உழுது, விதை வாங்கி, நீர் பாய்ச்சி, உரமிட்டு எழுப்பிய பூ என்பது நம் மறுமொழி. ஃபுரானோவில் கூச்சமின்றிக் கொடுத்துவிட்டு வரும் பணத்தை இங்கே கொடுக்கத் தயங்குவதற்கு நமக்குக் காரணம் தெரியவில்லை. நூற்றாண்டுகளாகப் பூவைக் கையால் மட்டுமே அறிந்தோம். முழத்துக்கு விலை கொடுக்கப் பழகியிருக்கிறோம், பார்வைக்கு விலை கொடுக்கப் பழகவில்லை.

போக விரும்புவோருக்கு ஒரு செய்தி. சூரியகாந்தி நாள் முழுதும் கதிரவனைப் பின்தொடர்ந்து திரும்பும் என்று பள்ளியில் படித்திருப்போம். இளஞ்செடிதான் அவ்வாறு திரும்பும். பூ முற்றியதும் அசைவு நின்று கிழக்குநோக்கியே நின்றுவிடும். காலைக்கதிரில் விரைவில் சூடேறும் பூவையே தேனீக்கள் மிகுதியாக நாடுகின்றன என்று 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. எனவே பூவின் முகம் காண வேண்டுமானால் வயலின் கீழைக்கரையில் நிற்க வேண்டும். நல்லூழாக, மலை மேற்கே இருக்கிறது. கிழக்கு வரப்பில் நின்றால் பூவும் மலையும் ஒருசேரக் கிடைக்கும், வரிசைக்குள் இறங்க வேண்டிய தேவையே இராது.

பூ விரிந்து நிற்பது இரண்டொரு வாரம். பிறகு இதழ் உதிர்ந்து, தலை கனத்துக் கவிழ்ந்து, மஞ்சள் பழுப்பாகும். அறுவடைக்கு அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் தென்காசியில் இறங்கி இந்த வயல்களைத் தேடி வருவோர் இல்லை. கிளிகள் வருகின்றன. தகரத்தைத் தட்டி அவற்றை விரட்டிக்கொண்டு வரப்பில் ஆள் காவலிருக்கிறார்.